எஃப்.ஆர்.எஸ். ஆவது எப்படி? ராயல் சொசைட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமானுஜன், சி.வி. ராமன், சுப்பிரமணியன் சந்திரசேகர், எம்.எஸ். சுவாமிநாதன் என்று நாம் பெருமையோடு சொல்லும் பெயர்களுக்குப் பின்னால் எஃப்.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்துகள் வரும். லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ என்று அதற்கு அர்த்தம். அது பரிசா, பட்டமா, பதவியா, பணம் கட்டிச் சேர்வதா என்று பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ராயல் சொசைட்டி என்பது என்ன?

இடைவிடாமல் இயங்கிவரும் அறிவியல் சங்கங்களில் உலகிலேயே மிகப் பழமையானது. 1660 நவம்பர் 28 அன்று லண்டன் கிரெஷாம் கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென் வானியல் பற்றிப் பேசினார். பேச்சு முடிந்ததும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, வாரம் ஒருமுறை கூடிச் சோதனைகள் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். இரண்டாம் சார்லஸ் மன்னர் 1662-இல் சாசனம் கொடுத்தார். 1663-இல் இரண்டாவது சாசனம் வந்தது. ராபர்ட் ஹூக் சோதனைகளை நடத்தினார். செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665-இல் தொடங்கிய ஆய்விதழ் இன்றும் வருகிறது. நியூட்டன் 1703 முதல் 1727-இல் இறக்கும்வரை தலைவராக இருந்தார். இப்போது சங்கம் இருப்பது லண்டன் கார்ல்டன் ஹவுஸ் டெரஸில். உயிரோடிருக்கும் உறுப்பினர்கள் சுமார் 1,800 பேர்.

எஃப்.ஆர்.எஸ். ஆக நானே விண்ணப்பிக்கலாமா?

முடியாது. இதற்கு விண்ணப்பப் படிவமே கிடையாது. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இரண்டு பேர் உங்கள் பெயரை முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும். உலகத்தையே மாற்றும் கண்டுபிடிப்பு உங்கள் மேசையில் இருந்தாலும், உள்ளே இருக்கும் இருவர் பேனாவை எடுக்காதவரை உங்கள் பெயர் பட்டியலுக்குள் வராது.

இந்த முறையின் பலமும் பலவீனமும் இது ஒன்றுதான். துறை தெரிந்தவர்கள் மட்டுமே எடைபோடுவதால் மதிப்பு கூடுகிறது. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவரை யாராவது ஒருவர் கவனித்தால்தான் உண்டு. கீழே வரும் பல பதில்களும் இதைத்தான் சுற்றி வருகின்றன.

முன்மொழிந்த பிறகு என்ன நடக்கும்?

முன்மொழிவோடு அந்த அறிவியலாளரின் முழு வாழ்க்கைக் குறிப்பு, வெளியீடுகளின் பட்டியல், அவற்றில் மிகச் சிறந்த இருபது கட்டுரைகள் ஆகியவையும் போக வேண்டும். கணிதம், வேதியியல், உயிரணு உயிரியல், பொறியியல் என்று துறைவாரியாக உறுப்பினர் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குழுவும் தன் துறைப் பெயர்களைப் படித்து வடிகட்டும். கடைசிச் சுற்றுக்கு வருபவர்களைப் பற்றி வெளியிலுள்ள வல்லுநர்களிடமும் கருத்துக் கேட்பார்கள். அப்புறம் ஆட்சிக்குழு இறுதிப் பட்டியலைத் தயாரிக்கும். மே மாதத்தில் உறுப்பினர்கள் கூடி ரகசிய வாக்களிப்பார்கள். வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால்தான் தேர்வு.

வருடத்துக்கு எத்தனை பேர் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. அது காலத்துக்குக் காலம் கூடியிருக்கிறது. 2023-இல் எல்லாப் பிரிவுகளும் சேர்த்து 80 பேர் தேர்வானார்கள். 2024-இல் 90-ஐத் தாண்டியது. களத்தில் பல நூறு பெயர்கள் இருப்பதால் முதல் வருடமே தேர்வாவது அபூர்வம். அதனால்தான் ஒருமுறை முன்மொழிந்த பெயரை ஏழு ஆண்டுகள்வரை பரிசீலனையில் வைத்திருக்கிறார்கள். அதற்குள் தேர்வாகவில்லையென்றால் ஓர் இடைவெளி விட்டு மறுபடி முன்மொழியலாம்.

இந்தியர், இலங்கையர், மலேசியர் எல்லாம் ஆகலாமா? அமெரிக்காவில் இருந்தால்?

காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களும் அயர்லாந்து குடிமக்களும் ஃபெல்லோவாகத் தகுதி உள்ளவர்கள். வேறு நாட்டுக் குடிமகனாக இருந்தும், முன்மொழிவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளாவது இந்த நாடுகளில் வாழ்ந்து வேலை செய்பவர்களும் இதில் சேர்வார்கள். ஆகவே இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் உள்ளேதான். மற்றவர்களுக்கு அயல்நாட்டு உறுப்பினர் என்ற தனிப் பிரிவு உண்டு. அதற்கும் முன்மொழிவுதான் வழி.

சந்திரசேகர் 1944-இல் தேர்வானபோது சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலையில் இருந்தார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றது 1953-இல். அதனால் உறுப்பினர் தகுதி போய்விடவில்லை. சங்கத்தின் மிகப் பழைய பரிசான காப்லி பதக்கத்தை 1984-இல் அவருக்குக் கொடுத்தார்கள்.

தொடக்கத்திலிருந்தே இவ்வளவு கடுமையாகத்தான் தேர்ந்தெடுத்தார்களா?

இல்லவே இல்லை. முதல் இரண்டு நூற்றாண்டுகள் இது அறிவியலாளர்களும் அறிவியலில் ஆசை கொண்ட செல்வந்தர்களும் கலந்த சங்கம். பிரபுக்கள், மருத்துவர்கள், பாதிரியார்கள், அரசு அதிகாரிகள் எல்லாரும் இருந்தார்கள். நியூட்டனின் பிரின்சிப்பியா என்ற புகழ்பெற்ற நூலின் முதல் பக்கத்தில் சங்கத் தலைவராகப் பெயர் போட்டிருக்கும் சாமுவேல் பெப்பிஸ் கடற்படை நிர்வாகி. கணிதம் அவர் துறை அல்ல.

ஆனாலும் அந்தத் தொடக்க காலத்தில் ஒரு நல்ல தாராளம் இருந்தது. ஜான் கிரான்ட் லண்டனில் துணிக்கடை வைத்திருந்தவர். நகரத்தின் இறப்புப் பட்டியல்களை வாரம் வாரமாக எடுத்து ஆராய்ந்து, மக்கள்தொகைப் புள்ளியியலுக்கு வழி திறந்தார். அவரை 1662-இல் சேர்த்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட கடைக்காரர்கள் இன்னும் கிடைத்தால் தயங்காமல் எல்லாரையும் சேருங்கள் என்று மன்னர் சொன்னதாகச் சங்கத்தின் பழைய வரலாறு பதிவு செய்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து லீவன்ஹூக்கும் துணி வியாபாரிதான். பல்கலைக்கழகம் பக்கமே போகாதவர், லத்தீன் தெரியாதவர். தானே தேய்த்த லென்சுகள் வழியாகக் கண்ட நுண்ணுயிர்களைப் பற்றித் தன் தாய்மொழியில் கடிதங்களாக எழுதி அனுப்பினார். சங்கம் அவற்றை மொழிபெயர்த்து வெளியிட்டது. 1680-இல் உறுப்பினராக்கியது.

பின்னால் கதை மாறியது. 1731 முதல் எழுத்துபூர்வமான முன்மொழிவு கட்டாயம் ஆனது. அந்தச் சான்றிதழைக் கூட்ட அறையில் பல வாரங்கள் தொங்கவிடுவார்கள். நடைமுறையில் வசதியும் பழக்கமும் இருந்தாலே போதும் என்ற நிலை. கணிப்பொறியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் 1830-இல் இதைக் கடுமையாகத் தாக்கி ஒரு புத்தகமே எழுதினார். அறிவியலில் எதுவுமே செய்யாதவர் மூன்று கையெழுத்தும் ஐம்பது பவுண்டும் இருந்தால் சுலபமாக உள்ளே வந்துவிடுகிறார்; ஏதாவது செய்தவர் வந்தால்தான் 'இவர் அப்படி என்ன சாதித்துவிட்டார்' என்று விசாரிக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மைக்கேல் ஃபாரடேயின் தேர்வு இந்தக் காலத்தில் நடந்தது. புத்தகம் தைக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். அவரைக் கைதூக்கிவிட்ட ஹம்ஃப்ரி டேவிதான் அப்போது தலைவர். அந்த டேவியே தேர்வை எதிர்த்தார். அப்படியும் 1824-இல் ஃபாரடே தேர்வானார், ஒரே ஒரு எதிர்ப்பு வாக்கோடு.

1847-இல் விதிகளை மாற்றினார்கள். ஆண்டுக்குப் பதினைந்து பேர் மட்டும், அறிவியல் தகுதி மட்டுமே அளவுகோல். இன்று நாம் மதிக்கும் எஃப்.ஆர்.எஸ். உண்மையில் அந்த ஆண்டில்தான் பிறந்தது என்பேன்.

ராமானுஜன் எப்படித் தேர்வானார்?

1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்தில், சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தா என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு கேம்பிரிட்ஜின் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார் ராமானுஜன். ஐந்தே ஆண்டுகளில், 1918 மே 2 அன்று, எஃப்.ஆர்.எஸ். அப்போது வயது 30.

அவரை முன்மொழிந்த சான்றிதழில் பதின்மூன்று பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஹார்டி, லிட்டில்வுட், மேக்மஹோன், ஒயிட்ஹெட், விட்டேக்கர், லார்மர் என்று அன்றைய பிரிட்டிஷ் கணிதத்தின் பெரிய தலைகள் அத்தனையும் அதில் உண்டு. பேக்கர், ஹாப்சன் என்ற இருவரின் பெயர்களும் இருக்கின்றன. ஹார்டிக்கு முன்பே ராமானுஜன் எழுதியும் உதவிக்கு வராமல் போன கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இவர்கள்தான் என்று ராமானுஜன் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே கைகள் 1918-இல் அவருக்காகக் கையெழுத்திட்டிருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. சான்றிதழ் அவரை 'கணித ஆராய்ச்சி மாணவர்' என்றே குறிப்பிடுகிறது. காரணம் என்ற இடத்தில் நீள்வட்டச் சார்புகளிலும் எண் கோட்பாட்டிலும் செய்த ஆய்வுகளைச் சொல்கிறது.

அந்த ஆண்டு களத்தில் இருந்தவர்கள் 104 பேர். இடங்கள் பதினைந்து. ராமானுஜன் அப்போது கடும் நோயோடு மருத்துவ விடுதியில் கிடந்தார். சாதாரணமாக என்றால் ஓரிரு ஆண்டுகள் பொறுத்துத்தான் முன்மொழிந்திருப்பேன், ஆனால் அவருடைய உடல்நிலை அதற்கு இடம் கொடுக்காது என்ற பொருளில் ஹார்டி சங்கத் தலைவர் ஜே.ஜே. தாம்சனுக்கு எழுதினார். ஹார்டியின் அவசரம் சரியானது. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் ராமானுஜன் காலமானார். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்தால் அந்த மூன்று எழுத்துகள் அவர் கைக்கு வந்தே இருக்காது.

கல்லூரிப் பட்டம் இல்லாதவர் தேர்வாக முடியுமா?

முடியும். விதி கேட்பது ஒன்றைத்தான்: இயற்கை பற்றிய அறிவை வளர்ப்பதில் கணிசமான பங்களிப்பு. கணிதம், பொறியியல், மருத்துவ அறிவியல் எல்லாம் இதில் அடக்கம். கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்து இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தோற்றவர்தான் ராமானுஜன். பின்னால் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆய்வுக்காக ஒரு பட்டம் கொடுத்தது என்றாலும், அவரைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பட்டத்தைப் பார்த்து அல்ல.

முதல் இந்திய எஃப்.ஆர்.எஸ். ராமானுஜன்தானே?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் முதலில் தேர்வானவர் பம்பாயைச் சேர்ந்த பார்சி கப்பல் கட்டும் குடும்பத்தின் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜி வாடியா, 1841-இல். அவருக்கு அடுத்த இந்தியர் வர 77 ஆண்டுகள் ஆயின, அவர்தான் ராமானுஜன். பிறகு 1920-இல் ஜகதீஷ் சந்திர போஸ், 1924-இல் ராமன், 1927-இல் மேகநாத் சாஹா. தமிழ்நாட்டில் பிறந்தவர்களில் கே.எஸ். கிருஷ்ணன் 1940-இலும், எம்.எஸ். சுவாமிநாதன் 1973-இலும், கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி 1988-இலும் தேர்வானார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2003-இல் உறுப்பினராகி, 2015 முதல் 2020 வரை சங்கத்துக்கே தலைவராக இருந்தார். நியூட்டன் உட்கார்ந்த நாற்காலி அது.

பெண்களை எப்போது சேர்த்தார்கள்?

1945-இல். சங்கம் தொடங்கி 285 ஆண்டுகள் கழித்து. படிகங்களை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்த கேத்லீன் லான்ஸ்டேலும், பாக்டீரியாவின் வேதியியலை ஆராய்ந்த மார்ஜரி ஸ்டீபன்சனும்தான் முதல் இருவர்.

அதற்கு முன்பு முயற்சியே நடக்காமல் இல்லை. மின்வில் விளக்குகளைப் பற்றி ஆராய்ந்த ஹெர்த்தா அயர்ட்டனை 1902-இல் முறைப்படி முன்மொழிந்தார்கள். சங்கம் வழக்கறிஞர்களிடம் கருத்துக் கேட்டது. திருமணமான பெண்ணுக்குச் சட்டத்தில் தனி நிலை இல்லை, எனவே சாசனப்படி அவர் உறுப்பினராக முடியாது என்று பதில் வந்தது. நான்கே ஆண்டுகளில், 1906-இல், அதே சங்கம் அவருக்கு ஹியூஸ் பதக்கம் கொடுத்தது. பதக்கத்துக்குத் தகுதி உண்டு, உள்ளே உட்காரத் தகுதி இல்லை! அவருக்கும் முன்னால், அறிவியல் எழுத்தாளர் மேரி சோமர்வில்லின் மார்பளவுச் சிலையைச் சங்கத்தின் கூடத்தில் வைத்தார்கள், அவரை உறுப்பினராக்கவில்லை. 1919-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இப்படிப்பட்ட தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றிய பிறகும் கால் நூற்றாண்டு கடந்தது. இதை 'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. சட்டம் கைவிட்ட தடையைச் சங்கம் அத்தனை ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பல்லாண்டு பணியாற்றி, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நோய்களையும் ரோட்டா வைரஸ் தடுப்பூசியையும் ஆராய்ந்த ககன்தீப் காங் 2019-இல் தேர்வானார். இந்தியாவில் பணிபுரியும் பெண் அறிவியலாளர்களில் அவரே முதல் எஃப்.ஆர்.எஸ்.

எஃப்.ஆர்.எஸ். ஆனால் மாதாமாதம் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. சம்பளமோ உதவித்தொகையோ இதில் இல்லை. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு: இளம் ஆய்வாளர்களுக்கு ஆராய்ச்சிப் பணம் தரும் திட்டங்களையும் ராயல் சொசைட்டி தனியாக நடத்துகிறது. பல்கலைக்கழக ஆய்வு ஃபெல்லோஷிப், நியூட்டன் பன்னாட்டு ஃபெல்லோஷிப் போன்றவை அவை. அவற்றுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பணம் வரும். ஆனால் அதைப் பெறுபவர் எஃப்.ஆர்.எஸ். ஆகிவிட மாட்டார். முனைவர் பட்டம் முடித்துவிட்டு வெளிநாட்டு வாய்ப்பு தேடுகிறீர்கள் என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது இந்தத் திட்டங்களைத்தான்.

தொடக்க காலத்தில் உறுப்பினர்கள்தான் சங்கத்துக்குப் பணம் கொடுத்தார்கள். சேரும்போது பத்து ஷில்லிங், அப்புறம் வந்தாலும் வராவிட்டாலும் வாரம் ஒரு ஷில்லிங். நிறையப் பேர் பாக்கி வைத்தார்கள். நியூட்டனுக்கு 1675-இல் அந்த வாரச் சந்தாவிலிருந்து விலக்கு அளித்தார்கள். மீன்களைப் பற்றிப் படங்களோடு ஒரு பெரிய நூலை 1686-இல் அச்சிட்டுக் கையிலிருந்த பணத்தைச் சங்கம் தீர்த்துவிட்டது. அதனால் அடுத்த ஆண்டு நியூட்டனின் பிரின்சிப்பியாவை எட்மண்ட் ஹாலி தன் சொந்தச் செலவில் வெளியிட வேண்டியதாயிற்று. அந்த ஹாலிக்குச் சங்கம் தர வேண்டிய சம்பளத்தைக்கூட விற்காமல் கிடந்த மீன் புத்தகப் பிரதிகளாகக் கொடுத்தார்கள். நவீன இயற்பியலின் அடிப்படை நூல் ஒரு நண்பரின் கைக்காசால் வெளிவந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

தேர்வான பிறகு ஏதாவது சடங்கு உண்டா?

உண்டு. ஜூலையில் சேர்ப்பு விழா நடக்கும். புதிய உறுப்பினர் சாசனப் புத்தகத்தில் இறகுப் பேனாவால் கையெழுத்திடுவார். தலைவர் கையைப் பற்றி, சங்கத்தின் பெயரால் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று அறிவிப்பார். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஒரே புத்தகம்தான். இரண்டாம் சார்லஸ், நியூட்டன், டார்வின் என்று வரிசையாக அதே தோல்தாள்களில் கையெழுத்துகள் இருக்கின்றன.

வாழ்நாள் முழுதும் உறுப்பினரா? நீக்க முடியாதா?

வாழ்நாள் உறுப்பினர்தான். நீக்கவும் விதி இருக்கிறது, ஆனால் மிக அரிது. 1775-இல் ருடால்ஃப் ராஸ்பே என்பவரை நீக்கினார்கள். ஜெர்மன் சிற்றரசர் ஒருவரின் சேகரிப்பைப் பொறுப்பில் வைத்திருந்தபோது அதிலிருந்து திருடியவர் அவர். 2018-இல் தேர்வான தொழிலதிபர் ஈலான் மஸ்க்கின் நடத்தையைக் காட்டி உறுப்பினர்கள் பலர் கேள்வி எழுப்பினார்கள். உளவியலாளர் டோரதி பிஷப் 2024 நவம்பரில் தன் உறுப்பினர் நிலையையே துறந்தார். சங்கம் மஸ்க்கை நீக்கவில்லை.

தானாக விலகுவதும் நடக்கும். சி.வி. ராமன் 1968-இல் விலகினார். காரணம் பதிவாகவில்லை. இதைச் சுற்றிப் பல ஊகக் கதைகள் உலவுகின்றன. ஆதாரம் இல்லாததால் அவற்றை இங்கே எழுதவில்லை.

அறிவியலாளர் அல்லாதவர்கள் பெயருக்குப் பின்னாலும் எஃப்.ஆர்.எஸ். இருக்கிறதே?

அரச குடும்பத்தாருக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆய்வாளராக இல்லாவிட்டாலும் அறிவியலுக்குத் தொண்டு செய்தவர்களுக்குக் கௌரவ உறுப்பினர் பிரிவு உண்டு. எழுத்தாளர் பில் பிரைசன் 2013-இல் அப்படிச் சேர்ந்தவர். இந்த எண்ணிக்கை மிகக் குறைவு.

லண்டனின் மற்ற பழைய சங்கங்களிலும் இதே முறைதானா?

இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ராயல் வானியல் சங்கம் 1820-இல் தொடங்கியது. பதினெட்டு வயது நிறைந்த, வானியலில் ஈடுபாடுள்ள யாரும் விண்ணப்பித்து, சந்தா கட்டி ஃபெல்லோ ஆகலாம். தாவரங்களையும் விலங்குகளையும் ஆராயும் லின்னேயஸ் சங்கமும் (1788) விண்ணப்பங்களை ஏற்கிறது. கலைகளுக்கான ராயல் சொசைட்டி (1754) வேறொரு அமைப்பு. அதன் எழுத்துகள் எஃப்.ஆர்.எஸ்.ஏ. ஒரே ஓர் எழுத்து கூடுதல், ஆனால் சேரும் வழி முற்றிலும் வேறு. இவற்றில் சேர்வது தாழ்வு என்று சொல்லவில்லை. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1872-இல் வானியல் சங்கத்தின் ஃபெல்லோ ஆனார். 1874-இல் சூரியனை வெள்ளி கடந்தபோது நம் மக்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று தமிழிலும் விளக்க நூல் வெளிவரச் செய்தவர் அவர். அப்படிப்பட்டவர்கள் இருந்த சங்கங்கள் இவை.

எச்சரிக்கை வேறொன்றுக்கு. 'உங்களை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்' என்று கல்லூரி ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் வருவது இப்போது சாதாரணம். பெரிய பெயர், முத்திரை, லண்டன் முகவரி எல்லாம் இருக்கும். தேர்ந்தெடுத்தது யார், எந்த ஆய்வுக்காக, உறுப்பினர் பட்டியல் எங்கே என்ற மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் பணம் அனுப்பாதீர்கள்.

இந்தியாவில் இதற்கு இணையானது எது?

ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் கழகமும் (இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ்), 1935-இல் தொடங்கி இப்போது தில்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் கழகமும். இரண்டிலும் முன்மொழிந்து தேர்ந்தெடுக்கும் வழக்கம்தான்.

பழைய முன்மொழிவுச் சான்றிதழ்களை நாம் பார்க்க முடியுமா?

முடியும். ராயல் சொசைட்டியின் ஆவணக் காப்பகப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, கட்டணம் இல்லை. பெயரைத் தேடினால் பழைய உறுப்பினர்களின் முன்மொழிவு விவரங்களும், யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பதும் கிடைக்கும். ராமானுஜன் பெயரை இனிஷியலோடும் இல்லாமலும் தேடிப் பாருங்கள்; அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் ஒரே மாதிரி இருக்காது. வகுப்பில் காட்ட நினைக்கும் ஆசிரியர்கள் வாடியாவின் 1841 பதிவையும் ராமானுஜனின் 1918 பதிவையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் மாணவர்களுக்குப் பேச நிறைய இருக்கும்.